முருகன் பாட்டுக்கு நான் போட்ட ஃபாண்ட்

வீட்டில் ஒருவர் ஓர் உதவி கேட்டால், அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்து கொடுக்கிற ஆண்கள் சிலர் உண்டு. குழாய் சொட்டுகிறது என்றால் புது மோட்டார் விலை விசாரிக்கப் போய்விடுவார்கள். நான் அந்த ரகம். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதால் கொஞ்சம் முற்றிய ரகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவராத்திரி. கோச்சடையில் எங்கள் காலனிப் பிள்ளையார் கோயிலில் தினமும் மாலையில் யாராவது பாடுவார்கள். அந்த முறை என் மனைவி சுமதி பாடுவதாக முடிவானது. கல்யாணத்துக்கு முன்பு மேடையில் பாடியவள்தான். மகள் பிறந்த பிறகு அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு மேல் பாடுவதோடு சரி. அவளுடைய பாட்டு டீச்சர் சொந்தமாக மெட்டுப் போட்ட முருகன் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். டீச்சரே ஒத்தக்கடையிலிருந்து கேட்க வருவதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுமதிக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு இன்னும் பாட வருமா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"என்னங்க, சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் பக்கத்துல உக்காந்து தாளம் மட்டும் போடுறீங்களா? எனக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்றாள்.

இவ்வளவுதான் கேட்டாள். ஆதி தாளம் போட எனக்குத் தெரியும், நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில் அவளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் என் கண் அவள் மடியில் இருந்த ஸ்வரத் தாள்களுக்குப் போய்விட்டது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த தாள்கள். பாதி எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை.

"இதையெல்லாம் நான் புத்தகம் படிக்கிற இ-ரீடர்ல ஏத்தித் தாரேன். ரெண்டு நாள் பொறு" என்றேன்.

"எனக்கு இதுவே போதுங்க."

"நீ சும்மா இரு." (இந்த மூன்று சொற்களுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் நல்லது எதுவும் நடந்ததில்லை.)

ஸ்வரத் தாளில் மேல்வரியில் ஸ்வரங்கள் இருக்கும், கீழ்வரியில் பாட்டின் சொற்கள். எந்தச் சொல் எந்த ஸ்வரத்துக்கு என்பது நேர்கீழே பார்த்தால் தெரிய வேண்டும். சாதாரண ஃபாண்டில் ஓர் எழுத்து குண்டு, ஓர் எழுத்து ஒல்லி, அதனால் கீழ்வரி நகர்ந்து போய்விடும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கிற மோனோஸ்பேஸ் ஃபாண்ட்தான் வழி. ஆபீஸில் நாங்கள் புரோகிராம் எழுதுவது அதில்தான். ஆகவே இது எனக்காகவே பிறந்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழுக்கு அப்படி ஒரு ஃபாண்டைத் தேடிப் பிடித்தேன். "ணை" ஷேர் ஆட்டோவில் நடுவில் மாட்டியவர் போல நசுங்கியது. "ர" மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஆபீஸ் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, தமிழை ஒரே அகலத்துக்குள்ள அடைக்காதடா, பாவம். பேசாம இங்கிலீஷ்ல அடிச்சிரு" என்றான்.

அடித்தேன். ஃபாண்டை ஏற்றினால் இ-ரீடர் அதைப் பார்க்கவே மறுத்தது. பார்த்த பிறகு தடித்த எழுத்தை மட்டும் வேறு ஃபாண்டில் காட்டியது. அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்து பழைய ஃபாண்டுக்கே திரும்பியது. ஆபீஸிலிருந்து வந்ததும் நான் அதோடு உட்கார்ந்துவிடுவேன். பூஜை அறையிலிருந்து சுமதி தனியாகப் பாடுவது கேட்கும். ஒரே இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து எடுப்பாள்.

"வாரீங்களா?" என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"இந்தா, ஃபாண்ட் செட் ஆனதும் வாரேன்."

கடைசியில் செட் ஆனது. ஸ்வரத்துக்கு நேர்கீழே சொல், அச்சு அசலாக. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"முருகன இங்கிலீஷ்ல எழுத்துக் கூட்டித்தான் கூப்பிடணுமா?"

"பழகிரும்" என்றேன். கோயிலுக்குக் கிளம்பும்போது, இனி எதற்கு என்று அந்த ஜெராக்ஸ் தாள்களைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மண்டபத்தில் விளக்கு கொஞ்சம் மங்கல். சுமதி டீச்சரைக் கும்பிடப் போன நேரத்தில், அவள் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று எழுத்தை ஒரே ஒரு படி பெரிதாக்கி வைத்தேன். எழுத்து பெரிதானால் வரி கொள்ளாது, மிச்சம் மடங்கி அடுத்த வரிக்கு வரும். இதைக் கற்றுக்குட்டிகளுக்குப் பாடம் எடுப்பவன் நான்.

பல்லவி நன்றாகவே போனது. அது அவளுக்கு மனப்பாடம். தடுக்குகிற இடம் வந்ததும் குனிந்து பார்த்தாள். ஸ்வர வரியின் வால் அறுந்து சொற்களுக்கு நடுவில் விழுந்துகிடந்தது. சுமதி நின்றுவிட்டாள். பதற்றத்தில் திரையை விரலால் அழுத்தினாள். அகராதி திறந்து, இந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை என்றது. சுருதிப் பெட்டி மட்டும் தனியாக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். மேடைக்கு ஓடினேன். "ஒரு நிமிஷம், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிரும்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன். எங்கள் காலனி முழுக்க, குருக்கள் உட்பட, ஒரு இ-ரீடர் உயிர்பெற்று எழுவதைப் பொறுமையாகப் பார்த்தது. எழுந்தது, பழைய ஃபாண்டோடு.

"குடுத்துட்டு நீங்க போய் உக்காருங்க" என்றாள் சுமதி. கண் கலங்கியிருந்தது. இனிப் பாட மாட்டாள், இன்றைக்கு மட்டுமல்ல, இனி எப்போதுமே பாட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது முன்வரிசையில் சத்தம் கேட்டது. டீச்சர்தான். தொடையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்திருந்தார். சுமதி அந்தக் கையையே பார்த்தாள். தாளம் இரண்டு சுற்று வரும்வரை காத்திருந்துவிட்டுப் பல்லவியை மறுபடி எடுத்தாள். தடுக்குகிற இடத்தில் அன்றும் தடுக்கினாள். கை நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். ஒரு வாரமாக என்னிடம் அவள் கேட்டது அந்தக் கையைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சுண்டலை மென்றுகொண்டு, "அம்புட்டு நேரம் தட்டுனாங்க, டீச்சருக்குக் கை வலிச்சிருக்கும்ல, பாவம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சாயங்காலங்களில் நான்தான் தாளம் போடுகிறேன். சில நாள் பிசகும். "ஃபாண்ட் மாறிருச்சு" என்பாள் சுமதி, பாட்டை நிறுத்தாமலே. சொந்தக்காரர்கள் வீட்டிலும் இது பரவிவிட்டது. எவனாவது கேட்ட வேலையை விட்டு வேறு வேலையில் மும்முரமாக இருந்தால், ஃபாண்ட் போட்டுக்கொண்டிருக்கிறான் என்கிறார்கள்.

போன மாதம் வாடிப்பட்டியில் ஒரு கிரகப்பிரவேசம். சுமதியைப் பாடச் சொன்னார்கள். அவள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் என் மகள் நேராக என்னிடம் வந்தாள். "அப்பா, கையத் தூக்குங்க" என்றாள். இத்தனை பேருக்கு முன்னால் சட்டைப்பை, பேண்ட் பை, தோள்பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் கொண்டாரலம்மா. கை மட்டும்தான் இருக்கு."

அதற்குப் பிறகுதான் சுமதி சுருதிப் பெட்டியைப் போட்டாள்.