பல்லைப் பார்த்து வீடு பார்த்த கதை

என் கல்யாண ஆல்பத்தில் நான் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை. மாதா கோயில் வாசலில், கேக் வெட்டும் இடத்தில், மாமியாருக்குப் பக்கத்தில், எல்லாவற்றிலும் உதட்டைப் பசை போட்டு ஒட்டியவள் போல நிற்கிறேன். பார்க்கிறவர்கள், "எவ்வளவு அடக்கம்!" என்பார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாயைத் திறந்தால் பல் தெரியும். பல் தெரிந்தால் ஊர் தெரியும்.

ஏரியூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கும். ஆனால் போகிற போக்கில் பல்லில் டிகாக்ஷன் சிந்தியது போல ஒரு பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போகும். சாம்பல், கரி, உப்பு (ஒருமுறை அண்ணன் சைக்கிள் ரிம்முக்கு வைத்திருந்த பவுடர்), எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தை, "கேட்டா தலைய மட்டும் ஆட்டு. பல்லக் காட்டித் தொலைக்காத" என்று சொல்லி அனுப்பினாள். அப்படியே ஆட்டினேன். சேலத்துக்காரரான என் கணவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. பால் சட்டியில் தலையை விட்ட பூனை, சட்டியோடு சமையலறையைச் சுற்றியபோது நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். மறுநாள் அவர் புதிதாக ஒரு பற்பசை வாங்கிவந்து சத்தமில்லாமல் அலமாரியில் வைத்தார். (இன்றுவரை வாங்கி வைக்கிறார். நல்ல மனிதர்.)

ஆகவே, தாயான அன்றே ஒரு முடிவு எடுத்திருந்தேன். என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கூடாது.

நாங்கள் தர்மபுரியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர், அவர் அரசாங்க குமாஸ்தா. மகள் ஜெசிக்கு அப்போது ஆறு முடிந்திருந்தது. முன்பற்கள் இரண்டும் விழுந்து, வாய் ஜன்னல் திறந்த வீடு மாதிரி இருந்தது. காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது டாக்டர் என் பல்லைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊர்னு கேக்க வேண்டியதில்ல" என்று சிரித்தார். பிறகு ஜெசியின் வாயைக் காட்டி, "இனிமே மொளைக்கிற பல்லுதாம்மா முக்கியம். அது உள்ளுக்குள்ள இப்பவே உருவாயிட்டிருக்கு. இந்த வயசுல எந்தத் தண்ணி குடிக்குதோ, அந்தக் கலர்தான் ஆயுசுக்கும்" என்றார். அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் நல்லம்பள்ளி வீடு வந்தது.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடைய வீடு. மொட்டை மாடி, கொய்யா மரம், கொல்லையில் சொந்தக் கிணறு. மகன்கள் இருவரும் ஓசூரில் வேலையாக இருந்ததால் விற்றுவிட்டு அங்கே போகிறாராம். எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. என் கணவர் பார்ப்பதற்கு முன்பே அதில் குடியேறிவிட்டார். எந்த மூலையில் மேசை, எந்த ஆணியில் அந்தோணியார் படம் என்றெல்லாம் தீர்மானம் ஆகிவிட்டது.

"தண்ணியப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு முடிவு பண்ணலாமே" என்றேன்.

"அது போயி, வந்து, ஒரு மாசம் ஆவும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பென்னாகரத்துலேர்ந்து இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வருது. அதுக்கு முன்னாடி நாம சொல்லியாவணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார்.

"அங்க வந்து பல்லப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றேன். (பேசத்தானே கூடாது என்றார், பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான்.)

கண்டக்டர் கந்தசாமி வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. வூடு கண்டுபுடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா?" என்று சிரித்தார். என் உயிர் திரும்பி வந்தது. அப்படி ஒரு பல்வரிசையை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். சீரகச் சம்பாவை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கியது போல. இந்தத் தண்ணீரை ஆயுசெல்லாம் குடித்தவருக்கு இந்தப் பல் என்றால் வேறென்ன வேண்டும்? கணவரைப் பார்த்துக் கண்ணாலேயே சம்மதம் சொன்னேன்.

அப்போதுதான் அவர் மனைவி ராஜம்மா தண்ணீர்ச் சொம்புடன் வந்தார். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கையில் சேலைத் தலைப்பு. தலைப்பு வாயின் மேல்.

அந்தத் தலைப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அது வெட்கத்துக்காகப் பிடிக்கிற தலைப்பில்லை. இருபது வருடமாக நான் பிடிக்கிற தலைப்பு அது.

தண்ணீரைக் குடித்துப் பார்த்த கணவர், "சர்க்கர மாதிரி இருக்குதுங்க!" என்றார். எங்கள் ஊர்க் கிணறும் இப்படித்தான் இனித்தது. ஜெசி டம்ளருக்குக் கை நீட்டினாள். "அதக் குடிக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் கந்தசாமி திடுக்கிட்டார். "சளி புடிச்சிருக்குதுங்க" என்று சமாளித்தேன்.

ஆண்கள் இருவரும் மாடிக்குப் போனார்கள். நான் ராஜம்மாவைச் சிரிக்கவைப்பது என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தபோது தலைமையாசிரியர் நாற்காலி உடைந்து விழுந்த கதையைச் சொன்னேன். எங்கள் ஆசிரியர் அறையில் இதற்குச் சிரிக்காதவர்கள் கிடையாது. ராஜம்மாவின் தோள் குலுங்கியது. தலைப்பு அசையவில்லை. நாற்காலியை இன்னொரு முறை உடைத்தேன். தலைமையாசிரியரைக் குப்புற விழவைத்தேன். பலனில்லை.

"ஏம்மா, அவங்க வாயவே பாக்கற?" என்றாள் ஜெசி.

எழுந்து சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்ப்பது போல நின்றேன். இரண்டு மகன்களின் கல்யாணப் போட்டோக்கள். மாலையும் கழுத்துமாக, வாயை இறுக்கி மூடி, விறைப்பாக நின்றிருந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு (இதைக் குறித்துக்கொள்ளுங்கள்) நகர்ந்துவிட்டேன்.

மாடியில் பேச்சு முடிவதற்குள் எனக்கு நிச்சயம் தெரிந்தாக வேண்டும். "பாப்பா இங்க இருக்கட்டுங்க, இதோ வர்றேன்" என்று தெருவில் இறங்கினேன். ஜெசியைவிடச் சின்னப் பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். முனையில் ஒரு பாய் கடை. பை நிறைய ஆரஞ்சு மிட்டாய் வாங்கினேன்.

"எல்லாரும் இங்க வாங்க! வரிசையா நில்லுங்க! குட்டையானவங்க முன்னாடி!"

வகுப்பில் பழகிய குரல். நின்றுவிட்டார்கள்.

"ஈ காட்டுங்க! நல்லாக் காட்டுறவங்களுக்கு மிட்டாய்."

ஈ என்று காட்டினார்கள். வெள்ளை. அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. வரிசைக் கடைசியில் கொஞ்சம் பெரிய பையன் ஒருவன். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மிட்டாயைக் காட்டினேன். தலையை ஆட்டினான். இரண்டு மிட்டாய். ஊஹும். இவனிடம்தான் இருக்கிறது உண்மை. குனிந்து, "சும்மா பாக்கறன் கண்ணு" என்று ஒரு விரலால் அவன் உதட்டை மெல்லத் தூக்கினேன்.

கடித்தான்.

கடி என்றால் எலும்பு வரை போகிற கடி. நான் போட்ட அலறலில் பம்பரத்தை விட்டுவிட்டுக் குழந்தைகள் சிதறின. (அந்த வலியில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். கடித்த பல் என்ன நிறம் என்று பார்க்கத் தவறிவிட்டேன்.)

"புள்ள புடிக்கறவ! மிட்டாய் குடுக்கறா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

என் வாழ்க்கையில் ஒரு தெரு அவ்வளவு வேகமாக நிறைந்து பார்த்ததில்லை. கரண்டியோடு ஒருத்தி, துடைப்பத்தோடு ஒருத்தி. கடைக்காரப் பாயம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்கிட்டதான வாங்குன மிட்டாய? யாருடீ நீ? எங்கேர்ந்து வர்ற?"

"நான் டீச்சருங்க... பல்லு பாத்தேன்..."

"பல்லு பாத்தியா? சந்தையில மாடா வாங்க வந்த?"

யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். முதுகில் ஒரு தள்ளு. அப்போது உள்ளபடியே பயந்தேன். கூட்டத்துக்கு ஒரு கை ஓங்கினால் போதும், மற்றக் கைகள் தானாக ஓங்கும்.

வாசலுக்கு என் கணவர் வந்தார். கையில் அட்வான்ஸ் கவர். பின்னால் கந்தசாமி.

"என்னங்க! சொல்லுங்க இவங்ககிட்ட!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார். இந்தப் பெண் யார் என்று சொல்வதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தார். (யோசிக்கவே இல்லை என்கிறார். நான் பார்த்தேன்.) பிறகு, "எங்க வூட்டுக்காரிதாங்க. வுட்டுருங்க" என்றார்.

கந்தசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாம்மா இது, வூடு பாக்க வந்தீங்களா, பல்லு பாக்க வந்தீங்களா?" என்று ஒரு அதட்டல் போட்டார். பழைய கண்டக்டர் குரல். அந்த வேகத்தில் சீரகச் சம்பா மேல்வரிசை முழுவதும் வாயிலிருந்து கிளம்பி அவர் தோள்துண்டில் வந்து விழுந்தது.

துடைப்பம் அந்தரத்தில் அப்படியே நின்றது.

முதலில் சிரித்தவர் ராஜம்மா. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, தலைப்பு எங்கே போனது என்றே தெரியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் கண்முன்னே பல் தெரிந்தது. என் பல். அதே டிகாக்ஷன். எனக்கும் என்ன ஆயிற்றோ, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடிபட்ட விரலை மறு கை பிடித்திருந்ததால் வாயைப் பொத்தக் கை மிச்சமில்லை. அவரும் என் பல்லைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

"ஏரியூர்ப் பக்கம்."

"அட, நானும் அந்தப் பக்கந்தாங்க!"

கணவர் என் காதருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டியா? அந்தம்மா பல்லு உங்க ஊரு. இவரு பல்லு கடையில வாங்கினது. நீ வரிசையில நிறுத்துனது அத்தனையும் பால் பல்லு. மொளைக்கிற பல்லுன்னுதான டாக்டர் சொன்னாரு? எதத்தான் கண்டுபுடிச்ச?"

ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. பென்னாகரம் பஸ் வர நேரமாகிவிட்டிருந்தது. பாயம்மா மனமிரங்கி விரலில் மஞ்சள் அப்பக் கொண்டுவந்தார். "மொதல்ல கழுவணும்" என்று ராஜம்மா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். வாளியில் இறைத்து என் விரலில் ஊற்றினார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா" என்றேன். "எம் பொண்ணுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. உங்க பசங்க இங்கதான வளந்தாங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போட்டோவுல ரெண்டு பேரும் எதுக்கு வாய மூடிட்டு நிக்கறாங்கன்னு நெனச்சீங்க?"

இருபது வருடம் அதே போஸில் நின்றவள் நான், அதைப் பார்த்துவிட்டு மரியாதை என்று நினைத்தவள்! "இதச் சொல்லிட்டீங்களே, வூடு விக்கணுமே உங்களுக்கு?" என்றேன்.

"வர்ற பார்ட்டி புளி குடோன் வைக்கக் கேக்கறாங்க. புளிக்கு ஏது பல்லு?" என்று மறுபடி தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

கூடத்துக்குப் போய், "வேணாங்க" என்றேன். கணவர் கோபத்தோடு திரும்பினார். நான் சுவரைக் காட்டினேன். போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொய்யாப்பழத்தை முன்பல் இல்லாமல் ஓரப்பல்லால் கடித்துக்கொண்டிருந்த ஜெசியைப் பார்த்தார். கவரை மறுபடி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எம் பசங்களுக்கு என்னாங்க கொறச்சல்? ரெண்டு பேரும் பொண்டாட்டி புள்ளையோட நல்லாத்தான் இருக்கானுங்க!" என்றார் கந்தசாமி, துண்டால் வாயை மூடியபடி. அது உண்மைதான். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாங்கள் பஸ் ஏறும்போது தெருப்பிள்ளைகள் நிறுத்தத்துக்கு வந்து, நான் சொல்லாமலேயே குட்டையானவர் முன்னாடி நிற்க வரிசையாக நின்று, மிட்டாய் கிடைக்கும் என்று ஈ காட்டினார்கள். பஸ் மறையும்வரை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தர்மபுரியிலேயே, டாக்டர் பரவாயில்லை என்ற குழாய்த் தண்ணீர் வரும் தெருவில், இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினோம். மழைக்கு ஒழுகும். நிலை தாழ்வு, அவர் தலை தினமும் இடிக்கும். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "பரவாயில்ல, பல்லு வெள்ளையா இருக்கு" என்பார். ஜெசியின் பல் வெளியே வந்த நாட்களில் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைதான். நல்ல வெள்ளை.

போன மாதம் அவள் பள்ளிக்கூட குரூப் போட்டோ வந்தது. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஜெசியும் சிரிக்கிறாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏன்டி?" என்றேன்.

"நீ இப்பிடித்தானம்மா சிரிப்ப" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யாராவது ஏதாவது சொல்லி, எனக்குச் சிரிப்பு வந்து, என் கை பழக்கத்தில் முகத்தை நோக்கிக் கிளம்பினால் போதும். உள்ளறையிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்துகிறார்கள்:

"டீச்சர்! ஈ காட்டுங்க!"

காட்டுகிறேன். ஆனால் இன்னும் யாரும் எனக்கு மிட்டாய் தரவில்லை.