மைனஸ் மாமாவும் புளியமரத்தடி மூன்று உருவங்களும்

2005ஆம் ஆண்டு, தை மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். அந்த நேரம்வரை ஆரணியில் பயம் என்பது ஒரே ஒருவருக்குத்தான் சொந்தமாக இருந்தது. அவர் எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த மைனஸ் மாமா. அதற்குப் பிறகு தெரு முழுவதும் அதில் பங்கு கேட்டது.

குழந்தையைப் படமெடுப்பதற்கு முன் மாமா அதன் தாயிடம், "கடிக்குமா?" என்று விசாரிப்பார். சாவு வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே நின்று, "நல்லா பாத்தீங்களா? எழுந்துக்க மாட்டாரே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே கால் வைப்பார். தேவிகாபுரம் பேருந்தில் ஏறினால் ஓட்டுநரின் முகத்தைச் சற்று ஆராய்வார், பிடிக்காவிட்டால் இறங்கிவிடுவார்.

உலகில் அவர் நம்பியது ஒன்றைத்தான்: தம் டிஜிட்டல் கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூட்டல், கழித்தல் குறிகள் போட்டிருந்த சிறு பொத்தான். மணப்பெண்ணின் ஜரிகை படத்தில் வெறும் வெள்ளைத் தீற்றலாக எரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மேடை ஏறியதுமே, "ஒரு மைனஸ் போட்டுக்கலாமா?" என்பார். அதனால் வந்த பெயர். உண்மைப் பெயரை நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பா, தம் புது மோட்டார் சைக்கிளைச் சாயப்பட்டறைச் சந்தின் முனையில் நிறுத்திப் படமெடுத்தார். கேமராவின் சிறு திரையில் வண்டி அழகாக இருந்தது. அதற்குப் பின்னால், பட்டறையின் புளியமரத்தடியில், தலையில்லாத மூன்று வெள்ளை உருவங்கள் நின்றிருந்தன. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவர் வீட்டுக்கு ஓடிவந்து எங்களிடம் காட்டினார்.

"பட்டறைக்காரரு பூட்டிகினு கலசப்பாக்கம் கல்யாணத்துக்குப் போயி ரெண்டு நாளாவுது. உள்ள யாரும் இல்லியே!" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து நீ காலேஜ் போவ வேணாம்."

விடியுமுன் அந்தச் சந்து வழியே போனால்தான் வேலூர்ப் பேருந்தைப் பிடிக்க முடியும். என் முதுகலைத் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. புளியமரத்தைவிட அப்பாவின் குரல்தான் எனக்கு அதிக நடுக்கம் தந்தது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நான், எழுந்து ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

மாமா வந்தார். திரையை உள்ளங்கையால் மறைத்து, விரலிடுக்கு வழியே பார்த்தார்.

"ஐயோ, நம்மளத்தான் பாக்குதுங்க!"

"தலையே இல்லையே மாமா."

"அதாம்மா பேஜாரு! எந்தப் பக்கம் பாக்குதுன்னே தெரியலியே!"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இம்முறை விரலிடுக்கு இல்லை. "இரு இரு. ஒரு மடிப்பு இல்ல, ஒரு நிழல் இல்ல. எரிஞ்சிபோன ஜரிகை மாதிரி கீது. சுத்தியும் இருட்டு. அதப் பாத்து கேமரா பயந்துகினு மொத்தப் படத்தையும் வெளுத்துடுச்சி. வெள்ளையா இருந்தது இன்னும் வெளுத்து இப்படி ஆயிடுச்சி."

"அப்படின்னா வெள்ளையா இன்னாய்யா நின்னுகினு இருந்தது?" என்றார் அப்பா.

மாமா தம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ஜல்தியா வாங்க, வெளிச்சம் போயிடும்" என்றவர், சந்து முனையை அடைந்ததும் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து வெறுங்கண்ணுக்கு மரத்தடியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். பட்டறைக்குள் நுழைவதென்ற பேச்சே இல்லை. தூரத்தை அருகில் காட்டும் லென்ஸ் எதற்கு இருக்கிறது? மங்கிய வெளிச்சத்தில் கேமரா அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று மோட்டார் சைக்கிளின் இருக்கை மேல் கேமராவை வைத்தார்.

முதல் படத்தில் அதே மூன்று உருவங்கள். அம்மா என் கையை இறுக்கினாள். மாமா பொத்தானை அழுத்தி மைனஸ் ஒன்று வைத்து எடுத்தார். மரம் இருண்டது, உருவங்களில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது.

"கூந்தல்!" என்றாள் அம்மா.

அந்த நொடியில் காற்று வீசியது. "ஆடுது! ஆடுதுடா சாமி!" என்று மாமா மோட்டார் சைக்கிளைக் கட்டிக்கொண்டார். அதை அவரிடமிருந்து பிரிக்கச் சித்தப்பாவும் அப்பாவும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

பிறகு, கண்களை மூடியபடியே, மைனஸ் இரண்டு வைத்து அழுத்தினார். திரையை நான்தான் முதலில் பார்த்தேன். மரம் கரிய திட்டாகிவிட்டிருந்தது. அதன் நடுவே ஒரு மூங்கில் கழி. அதில், இழை இழையாக எண்ணிவிடலாம் போல, காய்ந்துகொண்டிருந்தன மூன்று வெள்ளைப் பட்டுநூல் சிட்டங்கள். சாயத்துக்கு முன் வேகவைத்து உலர்த்தும் நூல் கற்றைகள். பட்டறைக்காரர் கல்யாண அவசரத்தில் எடுத்து வைக்க மறந்திருக்கிறார்.

அப்பா கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தார். "தறி போடுற வீட்ல பொறந்துட்டு, நூலப் பாத்து பயந்திருக்கிறோம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "காலைல பஸ்ஸுக்கு நேரத்துல கெளம்பு" என்றார்.

மறுநாள் விடியுமுன் நான் வந்தபோது, சந்து முனையில் மாமா நின்றிருந்தார். தலையில் மப்ளர், கழுத்தில் கேமரா.

"சூரியன் வர்றத எடுக்கலாம்னு வந்தேம்மா" என்றார். சூரியனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பட்டறைச் சுவரோரமாக அவர் நடக்க, மறுபக்கம் நான் நடந்தேன். சந்து முழுவதும் அவர் கண்களைத் திறக்கவில்லை. மறுமுனையில் வேலூர்ப் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. "ஏறும்மா, ஏறு" என்றவர், தாம் தனியாகத் திரும்பிப் போகவேண்டிய இருட்டை அப்போதுதான் பார்த்தார்.

நான் அவரை அவருடைய வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் கல்லூரிக்குப் போனேன்.