உஷ், கேட்டியா?

சத்தம் பிடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. மீன் பிடிப்பது போல இவர்கள் சத்தம் பிடிப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்: நன்றாக ஓடும் காரின் நாலு கதவையும் பிரித்துப் போட்டு, நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாரே, அவரேதான்.

நான் சொல்லும் ஆளுக்கு அலுவலகத்தில் 'உஷ்' என்றே பெயர். வேலை என்னவோ தபால் பிரிப்பது. பேச்செல்லாம் சத்தத்தை அடக்கும் சாஸ்திரம்.

"கனம் இருந்தாத்தான் சத்தம் நிக்கும். பஞ்சு உறிஞ்சும், தடுக்காது. தகரம் அதிராம இருக்க ரப்பர் ஷீட். ஊசி போற இடுக்குகூட இருக்கக் கூடாது."

சரிதான், யார் இல்லையென்றார்கள்? கதவுக்குள் ஷீட் ஒட்டினார். டயர் இரைச்சல் அடங்கியது. அடங்கியதும், அதுவரை அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்த டேஷ்போர்டு கிறீச்சிட்டது. அதற்குப் பஞ்சு வைத்தார். சீட் பெல்ட் கொக்கி டிக்டிக்கென்றது. இந்த மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? மனைவியை டிக்கியில் உட்கார வைத்து, மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டி, "எந்தப் பக்கம் வருது?" என்று கத்தினார். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "எல்லாப் பக்கமும்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்சீட்டில் மகள். எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தவித்தவள், மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, வெளியூர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. புதன்கிழமை கிளம்பணும்..."

"உஷ். கேட்டியா? உன் பக்கத்துக் கண்ணாடிதான். கையை வச்சு அமுக்கு."

அமுக்கினாள்.

"இப்ப?"

"நின்னுடுச்சுப்பா."

வீடு வரும்வரை கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் முழுக்க இவர் லீவு போட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டிலேயே கிடந்தார். வீட்டுக்கு வந்தது சாப்பிடவும் தூங்கவும்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக வண்டி வாயை மூடியது. மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

"பாத்தியா? ரகசியம் பேசினாகூடக் கேக்கும். அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, எங்க அவ?"

"அவ கிளம்பிப் போயி நாலு நாளாச்சு."

"என்கிட்ட சொல்லாமலா?"

"இந்த வண்டியிலதான் சொன்னா. புதன்கிழமை நானும் போன் பண்ணேன். சத்தம் தேடிட்டிருக்கேன், அப்புறம் பேசுன்னு வச்சிட்டீங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் தேவலை என்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்களை யாரோ கூப்பிட்டார்கள். தலையைத் தூக்காமலே 'இரு, இரு' என்று கை காட்டினீர்கள். போய் என்னவென்று கேளுங்கள், ஆள் இன்னும் அங்கேயே இருந்தால்.