போனை வாங்கி ஆப் ஏற்றுகிறவர்

நம் ஊரில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். நீங்கள் கேட்காமலே உங்கள் கைப்பேசியை வாங்கி, அதில் ஓர் ஆப்பை ஏற்றிவிட்டுத்தான் திருப்பித் தருவார். நீங்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாலும் சரி. தப்பியவர் உண்டா?

மலேசியாவின் ஈப்போவில், தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் கம்பெனியின் மேற்பார்வையாளர் தர்மேந்திரன் இந்த வகையில் ஒரு ரத்தினம். கம்பெனி தன் ஓட்டுநர்களுக்கென்று தனியாக ஓர் ஆப் செய்தது. பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. ஆபீஸ் அனுப்பும் லிங்க்கைத் தட்டினால்தான் இறங்கும். லிங்க் அனுப்பும் பொறுப்பு இவருக்கு. எங்கும் கிடைக்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றால் மனிதர் சும்மா இருப்பாரா? செமோரில் அக்கா நவமணி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், வந்த சொந்தக்காரர் போனிலெல்லாம் ஏற்றினார்.

தெரியாத இடத்திலிருந்து வருகிறது, இறக்கலாமா என்று போன் கேட்டபோது அக்கா தயங்கினார்.

"தெரியாத இடமா? நம்ம ஆபீஸ்லா அக்கா," என்று இவரே 'சரி'யை அழுத்தினார்.

லிங்க் வைத்திருப்பவரெல்லாம் ஓட்டுநர் என்று அந்த அப்பாவி ஆப் நம்பியது. மறுவாரம் ஒரு காலை அது நவமணியின் போனில் மணியடித்து, செமோர் தோட்டத்து முச்சந்தியில் ஆட்களை ஏற்றச் சம்மதமா என்று கேட்டது. கேட்டால் 'சரி' அழுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் அக்கா கற்ற பாடம். அழுத்தினார். யாரோ டிரிப்பை எடுத்துவிட்டார்கள் என்று பத்துமலை என்ற வழக்கமான ஓட்டுநர் தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டார். முச்சந்தியில் தொழிற்சாலைப் பெண்கள் மழையில் நின்றார்கள்.

இன்னொரு முறை ஆட்கள் தாமதமாக வந்தால் ஒப்பந்தம் கிடையாது என்று தொழிற்சாலை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. நவமணி என்கிற டிரைவர் யார் என்று ஆபீஸ் விமலா விசாரித்ததும் தர்மேந்திரனுக்கு விஷயம் புரிந்தது. அக்காவை அழைத்தார்.

அக்காவோ வேனில் இருந்தார். கணவர் ஜெயபாலன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடுமுறை என்று தூங்கியவரை எழுப்பிக் கூட்டிவந்திருந்தார்.

"வாரேன்னு ஒத்துக்கிட்டேன்லா தம்பி. பொம்பளப் பிள்ளைங்க நனையுதுங்க, விட்டுட முடியுமா?"

தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

தர்மேந்திரனின் வேலை தப்பியது. ஆனால் ஏற்றிய கையாலேயே எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டார். காம்பாரிலிருந்து ஆயர் தாவார் வரை வீடு வீடாக அலைந்து, எல்லா வீட்டிலும் மைலோ குடித்து, வயிறு உப்பிக் கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா போனைத் தரவில்லை. விடுமுறை முடியும்வரை ஜெயபாலனுக்கு டிரிப் கொடுக்க முதலாளி சம்மதித்திருந்தார்.

"நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்கு. நீ சாப்பிட்டுட்டுப் போ," என்றார்.

நீங்கள் இந்த ரகம் இல்லை என்கிறீர்கள். நல்லது. நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'நம்ம ஆளுங்களுக்கு மட்டும்' என்று எதையோ தட்டிவிட்டீர்களே, அது இப்போது யார் கையில் மணியடித்துக்கொண்டிருக்கிறது?