துரோகியைப் பிடிக்கும் வழி

“நடமாடும் கல்யாணப் பூசணிக்காய்னு யாரையோ சொன்னீகளாமே அரசப்பன்? யாரு அது?”

பி.டி.ஓ. சுந்தரம் தம் தொந்தியைத் தடவிக்கொண்டே கேட்டார். யூனியன் ஆபீஸ் எழுத்தரான அரசப்பன் அவசரமாக ஒரு ஃபைலைப் புரட்டினான். அதை அவன் மூன்றே பேரிடம்தான் சொல்லியிருந்தான். பக்கத்து மேஜை ஏகப்பன், ஆபீஸ் ஜீப் ஓட்டும் மச்சினன் பெத்தன், மனைவி நாகவல்லி. மூவருமே உயிருக்கு உயிரானவர்கள். அவர்களில் ஒருவர் ஒற்றர்!

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. அவன் எதைச் சொன்னாலும் மறுநாள் பி.டி.ஓ.வுக்குத் தெரிந்துவிடும்.

வழி காரைக்குடியில் கிடைத்தது. அறுபத்தெட்டாம் வருஷம், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் உளவாளி நாவல் வாங்கினான். பக்கத்துக்குப் பக்கம் காட்டிக்கொடுப்புதான். அதில் உளவுப்படைத் தலைவன் சந்தேகப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய்யைச் சொல்லிவைக்கிறான். எந்தப் பொய் எதிரியிடம் போகிறதோ, அதைக் கேட்டவனே துரோகி.

அரசப்பன் மறுநாளே காரியத்தில் இறங்கினான்.

ஏகப்பனை ஆபீசுக்குப் பின்புறம் அழைத்துப் போய், காதருகே குனிந்தான். “வேலைய விட்டுட்டு மலேயாவுக்குக் கப்பலேறப் போறேன். மூச்சு விட்ராத.”

ஏகப்பன் சட்டென ஓரடி பின்வாங்கினான். ‘குற்றமுள்ள நெஞ்சு!’ என்று அரசப்பன் குறித்துக்கொண்டான்.

அடுத்து ஜீப் கொட்டகை. “மாப்ளே, இந்த ஜீப்புல பி.டி.ஓ. மாமியார் வீட்டுக்கு விறகு போகுதுன்னு கலெக்டருக்கு மனுப் போட்டுட்டேன்.”

பெத்தன் பதறிப்போய் நாலாபுறமும் பார்த்தான். “என்ன மச்சான் இது!” இவன் முழியும் சரியில்லை.

சாயங்காலம் நாகவல்லி. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: “பி.டி.ஓ. தலையில இருக்கது முடியில்ல, டோப்பா.”

தொட்டிலில் கிடந்த பிள்ளை வீறிட்டது. நாகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிலை ஆட்டப் போனாள். அதுவும் சந்தேகத்துக்குரியதுதான்.

மறுநாள் காலை பி.டி.ஓ. கேட்டார்: “மலேயா போறீகளாமே?”

அரசப்பன் நேராக ஏகப்பனிடம் பாய்ந்தான். “காட்டிக்குடுத்துட்டியே பாவி!”

“நான் வாயே தெறக்கலப்பா! ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டவன்மேலயா சந்தேகம்?” ஏகப்பன் தன் மேஜையை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டான்.

துரோகி சிக்கிவிட்டான் என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அழைப்பு. “என் மாமியாருக்கு விறகு போகுதுன்னு கலெக்டர்கிட்டச் சொன்னீகளாமே?”

அப்படியானால் பெத்தனுமா? சொந்த மச்சினனுமா? கொட்டகையில் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பெத்தன் சாவியை விட்டெறிந்துவிட்டு அக்காவிடம் ஓடினான்.

மத்தியானம் பி.டி.ஓ. உச்சந்தலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஏய்யா, எனக்கும் என் பொண்டாட்டிக்கும் மட்டுந்தான் தெரிஞ்ச விஷயம் உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மையாக இருந்து தொலைத்தது. அன்றே அவனை ராமேசுவரத்துக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதிவிட்டார்.

வீட்டில் நாகவல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீயுமாடி?”

“என் தம்பி பத்தாதுன்னு என்னையும் ஒற்றுங்கிறீகளா? உங்க புஸ்தகத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!” பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தம்பியோடு நெற்குப்பை பஸ் ஏறிவிட்டாள்.

பேச ஒரு நாதியில்லை. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நாவலைத் திறந்தான். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. நண்பன், மச்சினன், மனைவி. ஒருத்தர்கூடவா உண்மையாக இல்லை? இனி உயிரோடிருந்து என்ன ஆகப்போகிறது?

“ஏந்தம்பி, மொகம் இப்படிக் கெடக்கு?” என்றாள் கடைக்காரி காளியாயி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தான். “யார்ட்டயும் சொல்லிறாதீக. மூணு பேரும் என்னைக் காட்டிக்குடுத்துட்டாக.”

காளியாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

“அட, ஏந்தம்பி கத்துறீக? நீங்க ரகசியம் பேசுனா ரயிலடி வரைக்கும் கேக்கும், பி.டி.ஓ. அய்யா தெனமும் இங்குட்டு வந்து டீ குடிக்கிறதே அதுக்குத்தானே!”