விசேஷக்காரர் வேயாத கூரை

வீடு கட்டி வாடகைக்கு விடுவதில் என்னென்ன தவறுகள் செய்யலாமோ, அத்தனையையும் ஒரே கூரையின் கீழே செய்து காட்டியவர் எங்கள் கூடலூர் விசேஷக்காரர். மலைமேல் அணை வேலை தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் கையில் கொஞ்சம் சேர்ந்தவர்களெல்லாம் வாடகை வீடு கட்ட மண் குழைக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவர் முதலில் வண்டிக்காரர். மலையடிவாரத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவருக்கு, ஒருநாள் மாடுகளின் மேல் கோபம் வந்துவிட்டது. “வேலை செஞ்சாலும் திங்குது, படுத்துக் கெடந்தாலும் திங்குது. வீடு திங்காதுல்ல?” என்று மாடு, வண்டி எல்லாவற்றையும் விற்று வரிசையாக ஐந்து வீடு கட்டினார். வீடு தின்னாது என்று நினைத்தது முதல் தவறு. சுவருக்கு மண், தரைக்குச் சாணி, கூரைக்குப் புல் என்று அது மாட்டைவிட அதிகமாகத் தின்னும்.

இரண்டாவது தவறு, ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே முகட்டில் ஒரே கூரை போட்டது. “ஒரு பாயில அஞ்சு பேரு படுக்குறதில்லையா?” என்றாராம். படுக்கலாம். ஒருவன் புரண்டால் ஐவருக்கும் தூக்கம் போகும்.

முதல் வீட்டில் அவரே குடியிருந்தார். தனிக்கட்டை. அதற்கும் மாதம் பிறந்தால் வாடகை உண்டு. வலப்பக்க மடியிலிருந்து எடுத்து இடப்பக்க மடியில் முடிந்துகொள்வார். தாமதமானால் தம்மையே திட்டிக்கொள்வார். சிரிப்பாக இருந்தாலும் இது நல்ல பழக்கம். தான் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்காதவன் தனக்கு லாபமா நஷ்டமா என்று கடைசிவரை அறியமாட்டான்.

நான் ராயப்பன்பட்டிக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் படிப்பால் அணைச் சாமான் கிடங்கில் குமாஸ்தா வேலை கிடைத்து, அவரிடம் வீடு கேட்டுப் போனேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன சட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“புதுச் சட்டியா? புதுச் சட்டிக்காரன் ரெண்டு மாசத்துல ஓடிருவான் தம்பி. அடி கரிஞ்சிருந்தாத்தான் ஆளு நெலைப்பான்.”

“ஐயா, நேற்றுத்தான் சந்தையில் வாங்கினேன்.”

சற்று யோசித்துவிட்டு, அந்தச் சட்டியைத் தம் அடுப்பில் ஏற்றி நன்றாகக் கரியாக்கித் தந்தபிறகுதான் இரண்டாம் வீட்டைத் திறந்துவிட்டார்.

விசேஷக்காரர் என்ற பெயர் அதற்கு முந்திய சித்திரையில் வந்தது. சாரல் இறங்குமுன் புதுப்புல் வேய வேண்டும் என்று பழைய கூரையைப் பிரிக்க ஏறியிருக்கிறார். நாலாம் வீட்டில் புட்டு விற்கும் சின்னாத்தா குடும்பம். அவள் மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் கூரை பிரிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிறிஸ்தவ வேதக்காரர்களான எங்கள் வீட்டிலும் இதற்கு மட்டும் சாமியாரைக் கேட்பதில்லை. சின்னாத்தா உலக்கையோடு வெளியே வந்தாள்.

“ஏலே! புள்ளத்தாச்சி தலைக்கு மேல கூரையப் பிரிக்கியா? நீ எறங்குறியா, நான் ஏறட்டுமா?”

இறங்கிவிட்டார். அந்த வருஷம் கூரை அப்படியே நின்றது. அதிலிருந்து ஏணியில் கால் வைக்குமுன் வாசல் வாசலாகப் போய், “வீட்ல விசேஷம் உண்டா?” என்று கேட்பார். எங்கள் பேச்சில் அதற்கு ஒரே பொருள்தான்.

நான் குடிபோன சித்திரையில் புல்கட்டுகள் தெருவில் வந்து இறங்கின. சின்னாத்தா வீட்டில் பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான், வேறு விசேஷமில்லை. ஐந்தாம் வீட்டுக் கொல்லர், மனைவியை ஊரில் விட்டிருந்தார். மிச்சம் மூன்றாம் வீடு. மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்து மரம் அறுக்கும் சங்கரனும் அவன் மனைவி பாறுக்குட்டியும் அதில் இருந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

“சங்கரா, வீட்ல விசேஷம் ஏதும் உண்டாப்பா?”

சங்கரன் முகமெல்லாம் மலர்ந்தான். “விசேஷம் இல்லாதிருக்குமோ முதலாளீ? நல்ல விசேஷம்தன்னே!”

விசேஷக்காரர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். “தம்பி, வெளிய மூச்சு விட்றாத. மொத மொதல்ல உண்டாயிருக்கு போல. கண்ணு பட்டுரும்” என்று என் காதோடு சொன்னார். மறுநாளே ஒரு கூடை மாங்காய் மூன்றாம் வீட்டுக்குப் போனது. பாறுக்குட்டி அத்தனையையும் ஊறுகாய் போட்டு, எங்கள் எல்லாருக்கும் சிரட்டையில் வைத்துக் கொடுத்தாள்.

“வாய்க்கு ஒத்துக்கிடலையோ?” என்று கவலைப்பட்டவர், அடுத்து நெல்லிக்காய் அனுப்பினார். அதுவும் ஊறுகாயாகத் திரும்பி வந்தது.

மாதம் ஒருமுறை கேட்பார். “சங்கரா, விசேஷம் எப்படி இருக்கு?” “சுகம்தன்னே முதலாளீ!” அவருக்கு அது போதும்.

ஆனியில் சாரல் இறங்கியது. இரண்டு வருஷம் வேயாத கூரை மழையை ஒளிவுமறைவில்லாமல் உள்ளே விட்டது. என் வீட்டில் ஒழுகாத இடம் ஒரு முழத்துக்கு இருந்தது. அதில் விளக்கை வைத்துவிட்டு நான் நனைந்தேன். விசேஷக்காரர் வழக்கத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தார். “பிரிக்கத்தானே கூடாது? சொருகலாம்ல?” என்று மழையில் ஏறி, ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் புல்லைச் சொருகினார். ஒரு கை சொருகுவதற்குள் அவர் கால் இரண்டு ஓட்டை போட்டது.

சின்னாத்தா தெருவில் நின்று கத்தினாள். “ஏய்யா, வீட்டுக்குள்ள நாத்து நடலாம் போலருக்கே! இத வாடகைக்கு விட்டிருக்கீரா, குத்தகைக்கு விட்டிருக்கீரா?”

“கொஞ்சம் பொறு ஆத்தா.”

“எதுக்குப் பொறுக்கணும்? புல்லு தெருவுல கெடந்து மக்குது. மேலத்தெருவுல ஓட்டு வீடு கட்டிருக்காக, எங்களக் கூப்பிடுறாக. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள வேயலேன்னா நானும் கொல்லரும் கெளம்பிருவோம்.”

விளையாட்டாகச் சொன்னதல்ல. கொல்லர் துருத்தியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். விசேஷக்காரருக்கு நிலமில்லை, மாடும் போய்விட்டது. அந்த வரிசை வீடுகள்தான் அவருக்குச் சோறு. காரணத்தைச் சொன்னால் சின்னாத்தாவே வாயை மூடிக்கொள்வாள். ஆனால் சங்கரனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? ஓடைக்கரையில் அவன் மரம் அறுக்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“சங்கரா, விசேஷத்த நம்ம வரிசைக்கு மட்டும் சொல்லிறட்டுமாப்பா? எத்தன மாசம்னு கேப்பாக.”

“எந்து மாசம்?”

“அதாம்ப்பா... பாறு முழுகாம இருக்குல்ல?”

சங்கரன் அறுப்பு வாளை நிறுத்தினான். அறுத்த மரத்தின் மேல் மெல்ல உட்கார்ந்தான். மலைக்கு அந்தப்பக்கம் விசேஷம் என்றால் வெறும் நலம்விசாரிப்பு, வேறொன்றுமில்லை என்பது அவன் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது.

“எங்களுக்குக் குழந்தை இல்லா முதலாளீ. கல்யாணம் கழிஞ்ஞு கொறே வருஷமாயி. அவிடெ ஆரு கண்டாலும் அதுதன்னே கேக்கும். இவிடெ ஒராள் கேட்டதில்லா. அதுகொண்டுதான் பாறுவுக்கு இந்த வீடு இஷ்டம்.”

விசேஷக்காரர் ஓடையில் இறங்கிக் கால் கழுவினார். கழுவிய காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மழை விட்டது. விடிந்ததும் கூரைமேல் இருந்தார். கொல்லரும் நானும் புல்கட்டு ஏற்றிக் கொடுத்தோம். பாறுக்குட்டியும் ஒரு கட்டைச் சுமந்துகொண்டு வந்து நின்றாள். சின்னாத்தா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னிக்கு மட்டும் எப்படிய்யா மனசு வந்துச்சு? இத்தன நாளா என்ன கொள்ள வந்துச்சு? வாயத் தொறந்து சொல்லும்!”

நான் வாயைத் திறந்தேன். உள்ளதைச் சொன்னால் தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும், ஒருவரும் வீட்டைக் காலி செய்யமாட்டார்கள். முகட்டிலிருந்து அவர் பாறுக்குட்டியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

“இருக்குற புல்லே தாங்கும், இத வித்துறலாம்னு பாத்தேன் ஆத்தா. கஞ்சத்தனந்தான்.”

“பாத்தீகளா, அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். பாறுக்குட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு, “முதலாளி பிசுக்கன்தன்னே!” என்று சிரித்தாள். அவரும் மேலே இருந்து சிரித்தார்.

கூரை வேய்ந்தும் பயனில்லை. கஞ்சனிடம் அடுத்த மழைக்கு யார் நனைவது என்று வெள்ளிக்கிழமை சின்னாத்தாவும் கொல்லரும் ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீடு காலி. ஆள் இல்லாத வீட்டில் அடுப்புப் புகை ஏறாவிட்டால் புதுப்புல்லையும் பூச்சி அரித்துவிடும். அதனால் ஒருநாள் நாலாம் வீட்டிலும் மறுநாள் ஐந்தாம் வீட்டிலும் அவரே அடுப்பு மூட்டிச் சோளக்கஞ்சி காய்ச்சுவார். புகைக்காகக் காய்ச்சியது என்பது வாயில் வைத்தாலே தெரியும்.

அந்தச் சாரல் முடியும்வரை நான் என் வீட்டில் சமைக்கவில்லை. அவர் எந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறாரோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். “ஒன் வீட்டுக் கூரைக்குப் பொக வேணாமாடா? போயி அடுப்பப் பத்த வையி” என்று திட்டுவார். திட்டிக்கொண்டே எனக்கும் ஒரு சட்டியில் ஊற்றுவார். கஞ்சியில் எப்போதும் உப்பு அதிகம். இருந்தும் அவரைத் தனியே விட்டு எழுந்துபோக எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.