பல் விழாத ஒரு புனிதர் தேவை

மல்லவி,
ஞாயிறு

அபூனா பிஷாய் அவர்களுக்கு, அதாவது குருவானவர் ஆவதற்கு முன்னால் என்னைத் தோளில் உட்காரவைத்து நைல் கரைக்குக் கூட்டிப்போன என் பிஷாய் மாமாவுக்கு, தங்கள் கையிலுள்ள சிலுவையை இங்கிருந்தே முத்தமிட்டு வெரீனா எழுதிக்கொள்வது.

தாங்களும் அஸ்வான் சபையாரும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குழந்தை சுகம். பால் குடிக்கிறான், கக்குகிறான், மறுபடி குடிக்கிறான். தாங்கள் அனுப்பிய பேரீச்சம்பழத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பதில் எழுதினால் குழந்தையின் பெயரையும் எழுத வேண்டும், அந்தப் பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் சுவருக்கும் காது உண்டு, மாமியாருக்கு அதைவிடப் பெரிய காது. அதனால் நாளை ரயிலில் வரும் உங்கள் சபை ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் கொடுக்க நீங்கள்தான் வருகிறீர்கள், தொட்டியின் முன் நின்று "பெயர் என்ன?" என்று கேட்பீர்கள், அப்போது நான்கு பேர் நான்கு பெயரைக் கத்தினால் என்ன செய்வீர்கள் மாமா?

சண்டை குழந்தை பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. என் மாமனார் ஃபானூஸுக்குப் பேரன் தியோஸ்கோரஸாக இருக்க வேண்டும். மற்றச் சபைகளிலிருந்து நம் சபை பிரியக் காரணமான கல்செதோன் சங்கத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற நம் பாப்பரசர். அது நடந்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் மாமனார் அதைப் போன வாரம் பக்கத்துத் தெருவில் நடந்த பஞ்சாயத்து மாதிரி பேசுகிறார். "தாடியப் பிச்சானுங்கம்மா, பல்ல ஒடைச்சானுங்க! அந்தப் பல்லையும் முடியையும் பொட்டலம் கட்டி நமக்கு அனுப்பி வச்சாரு, இதான் விசுவாசத்தோட கனின்னு! அந்தப் பேரு வேணாமா?" என்று கத்தும்போது அவருடைய பல்செட்டே நழுவி மடியில் விழுகிறது. வருஷக்கணக்காய் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினவள் நான், எனக்குத் தெரியாததா? தெரிந்ததுதான் வினை. இன்னும் பல்லே முளைக்காத பிள்ளைக்கு, பல் உடைபட்டவர் பெயரை எப்படி வைப்பது?

என் மாமியார் ஜலீலாவுக்கு சமான் வேண்டும். முக்கத்தம் மலையை ஜெபத்தால் தூக்கிய தோல் பதனிடுபவர். "அந்த அற்புதத்துக்காக வருஷா வருஷம் மூணு நாள் கூடுதலா நோன்பு இருக்கோம். அந்த மூணு நாள் பசிக்காவது மரியாதை வேணாமாடி?" என்கிறார், பிள்ளை பெற்றவளுக்கான முகாத் கஞ்சியை என் வாயில் ஊற்றிக்கொண்டே. சமான் நல்லவர்தான் மாமா. ஆனால் தன் கண்ணைத் தானே குத்தூசியால் குத்திக்கொண்டவர். மலை நகர்ந்ததும் கூட்டத்தில் நழுவினவர் வீடு திரும்பவே இல்லை. மலை நகரட்டும், என் பிள்ளை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர வேண்டாமா?

என் வீட்டுக்காரர் நஷாத் சண்டை பிடிக்காதவர், "பேசாம மார்க்குஸ்னு வச்சிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உண்மை. ஆனால் மார்க்குஸைக் கழுத்தில் கயிறு கட்டி அலெக்சாந்திரியாத் தெருவெல்லாம் இழுத்தார்கள். செத்த பிறகாவது விட்டார்களா? பல நூற்றாண்டு கழித்து வெனிஸ்காரர்கள் வந்து, துறைமுகத்து முஸ்லிம் காவலர்கள் தொடாதபடி பன்றிக்கறியைப் போட்டு மூடி உடலைக் கப்பலில் கடத்திப்போனார்கள்.

மாமா, உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நம் சபையில் ஊரோடு இருந்தவரெல்லாம் வெட்டுப்பட்டார்கள், நெடுநாள் வாழ்ந்தவரெல்லாம் பாலைவனத்துக்கு ஓடினார்கள். துறவித் தந்தை அன்பா பூலாவைப் பாருங்கள், தொண்ணூறு வருஷம் குகையில், காக்கை கொண்டுவரும் அரை ரொட்டியில். அரை ரொட்டியில் பிள்ளை எப்படித் தேறுவான்? அன்பா ஷெனூதா நூற்றுப் பதினெட்டு வயது வாழ்ந்தார் என்றதும் எனக்கு உயிர் வந்தது. மேலே படித்தேன். சிறுவனாக இருந்தபோது தாய்மாமனான துறவி "ஒரு வாரம் என்னோட இருக்கட்டும்" என்று வாங்கிவைத்துக்கொண்டாராம், அவ்வளவுதான், பிள்ளை வீடு திரும்பவில்லை. தாய்மாமன்களை நம்பக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்களைச் சொல்லவில்லை.

கடைசியில் நான் கண்டுபிடித்தது சகரியா. நம்மைப் பாடுபடுத்திய கலீஃபா அல்-ஹாக்கிம் காலத்துப் பாப்பரசர், சிங்கத்தின் முன் எறிந்தார்கள், சிங்கம் தொடவில்லை. எல்லா உறுப்பும் மிச்சம்! இதைச் சொன்னதும் மாமனார், "சிங்கமே வேணாம்னு தள்ளுன ஆளு பேரா?" என்று சிரித்தார். "அதுக்கப்புறம் மூணு மாசம் ஜெயில்ல போட்டாங்களே, அத மறைக்கிறா பாரு" என்றார் மாமியார்.

சரி, நம் வழக்கப்படி ஏழாம் நாள் மெழுகுவர்த்தி தீர்மானிக்கட்டும் என்று முடிவாயிற்று. பெயருக்கு ஒன்றாக நான்கு வர்த்தி, கடைசிவரை எரிவது எதுவோ அதுதான் பெயர். மாமனார் தன் தியோஸ்கோரஸுக்காகக் கோயில் வர்த்தி ஒன்று கொண்டுவந்தார், என் முழங்கை பருமன். "அண்ணே, இது மெழுகுவர்த்தியா, பேரீச்ச மரமா?" என்று மாமியார் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். மாமியார் சமானைத் தட்டில் ஜன்னல் காற்று படாத ஓரமாக ஒளித்துவைத்தார். குழந்தையைச் சல்லடையில் போட்டு ஆட்டினார்கள், பித்தளை உரலை அவன் காதோரம் இடித்து, "அம்மா சொல்றதக் கேளு, அப்பா சொல்றதக் கேக்காத!" என்று கூச்சலிட்டார்கள். நஷாத் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து குழந்தையின் நெற்றியில் ஒரு கொசு. நான் வேறொன்றும் யோசிக்கவில்லை மாமா, ஓடிப்போய் மேஜை மின்விசிறியைப் போட்டேன்.

நான்கு புனிதரும் ஒன்றாக அணைந்தார்கள்.

"கல்செதோன்லகூட இப்பிடி ஒரு அநியாயம் நடக்கல!" என்றார் மாமனார். மறுபடி ஏற்றலாம் என்றேன், அணைந்ததை ஏற்றினால் ஆகாது என்று மாமியார் தட்டைத் தூக்கிப்போய்விட்டார். அன்றிலிருந்து ஆளுக்கொரு பெயரில் கூப்பிடுகிறார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸ் வாசலில் நின்று, "மொத்தம் எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டாள்.

ஆகவே அபூனா, சபை வரலாறு கற்பிக்கும் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். படுக்கையில், வயதாகி, எல்லாப் பல்லோடும், அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து செத்த ஒரே ஒரு புனிதரைத் தேடிக் கொண்டுவாருங்கள். கேலிக்காகக் கேட்கவில்லை. அவனைத் தூக்கும்போதெல்லாம் இந்த உலகம் இவனை என்ன செய்யுமோ என்று இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்கிறேன். ஒரு பெயராவது அவனுக்குக் குடையாக இருக்கட்டும்.

வீட்டில் எல்லோரும் தங்கள் ஆசியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஆண்டவர் தங்கள் ஊழியத்தைக் காக்கட்டும், தங்கள் ஜெபத்தில் பெயரில்லாத ஒருவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மகள்,
வெரீனா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள் திறந்து எழுதுகிறேன். இவ்வளவு நாளும் யாரைப் பார்த்தும் சிரிக்காதவன். சமான் என்றால் கொட்டாவி, மார்க்குஸ் என்றால் விக்கல், நான் சகரியா என்றதும் என் மேலேயே கக்கினான். இப்போது மாமனார் பல்செட்டைக் கழுவ எடுத்துவைத்துவிட்டு, வெறும் வாயோடு தொட்டிலில் குனிந்து, "டேய் தியோஸ்கோரஸ்!" என்றார். பிள்ளை அவரையே பார்த்தான், வாயெல்லாம் ஈறாகச் சிரித்தான் மாமா, முதல் சிரிப்பு. பல்லில்லாத இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர். புனிதர் யாரையும் தேட வேண்டாம். தியோஸ்கோரஸ் என்றே முழுக்குங்கள். பேரீச்சம்பழம் மட்டும் இன்னும் கொஞ்சம் கொண்டுவாருங்கள், கொட்டை எடுத்ததாக, மெதுவானதாக. இந்த வீட்டில் மெல்ல முடியாதவர்கள் இருவர்.